குப்பை வண்டி இடம்பிடித்த படலம்

வாழ்க பல் கட்டுபவன்! பொக்கை வாய் வேந்தர் பலருக்குப் பல்வரிசை வழங்கிய வள்ளல். மெழுகை உருக்கி ஈறு வளர்ப்பவன். சாணைச் சக்கரத்தின் சீற்றத்துக்கு அஞ்சாதவன். கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் கண்ணை மூடிக்கொண்டே செதுக்கும் கையன். தன் வீட்டுக் கதவில் கழன்று தொங்கும் கைப்பிடியை மட்டும் பதினோரு மாதங்களாக முடுக்காத தீரன்! இவன் நிகழ்த்திய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பாடுமுன், ஒட்டவேண்டிய இடத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் விடாமல் ஒட்டும் பசைக்குப்பியை இருகரம் கூப்பி வணங்குகிறோம். இரு கரமும் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் கூப்புவதில் சிரமம் ஏதுமில்லை.

நகரச் சிறப்பைச் சொல்லாமல் போருக்குள் புகுவது மரபன்று. ஆகவே கேளுங்கள். ஓர் இரும்புக்கடைக்கு மேலே, பதினேழு படிகள் ஏறினால் வரும் நீண்ட கூடத்தில், ஒன்பது மேசைகளை ஒன்றோடொன்று பூட்டிய பலகைப் பரப்பின் மேல் விரிந்து கிடக்கிறது அந்தப் பெருநகரம். நிஜ உலகத்தை எண்பத்தேழு பங்காக்கி, அதில் ஒரே ஒரு பங்கை எடுத்துக் கட்டியது. மழையே பெய்யாமல் மரங்கள் செழிக்கும் நகரம். மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணி ஒன்பது ஆண்டுகளாகக் காயாத நகரம். பூங்கா பெஞ்சில் ஒரு காளை தன் காதலியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, இன்றுவரை சொல்லி முடிக்காத நகரம். விளக்குக் கம்பத்தடியில் ஒரு நாய் தூக்கிய காலைக் கீழே வைக்காத நகரம். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு ரயில் நிலையம், இரண்டு குகைகள். இத்தனைக்கும் நடுவே, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, எட்டுப் பெட்டி விரைவு ரயில் ஒன்று விளக்கெரிய வந்து போகும்.

இந்நகரைப் படைத்துக் காத்து, வாரம் ஒருமுறை தூசி தட்டும் பத்தொன்பது பேருக்குச் சின்ன ரயில் சங்கம் என்று பெயர். அவர்களுக்கு ஒரு தலைவர். நாற்பது ஆண்டுகள் நிஜ ரயிலுக்கு சிக்னல் கைகாட்டி இறக்கிய மனிதர். சிரித்ததாக வரலாறு இல்லை. அவர் வகுத்த சட்டங்கள் இரண்டு. ஒன்று, அக்கூடத்தில் ‘பொம்மை’ என்ற சொல்லை எவரும் உச்சரிக்கலாகாது. உச்சரித்தவர் அன்று எல்லோருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும். இரண்டு, அந்நகரில் ஓடும் எந்த வண்டியும் நிஜத்தில் தான் செய்யும் வேலையை, வண்டியின் மேல் கை படாமல், மூன்று முறை செய்துகாட்ட வேண்டும்.

அப்படி ஓடும் வண்டிக்கு இடமோ ஒன்றே ஒன்று. ரயில்வே கேட்டை ஒட்டிச் சுற்றிவரும் சாலையின் அடியில் மட்டுமே ஒரு கம்பி புதைத்திருக்கிறது. வண்டியின் முன்சக்கரத்துக்கிடையே பதித்த காந்தம் அந்தக் கம்பியை முகர்ந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் அதில் இரண்டு வண்டிகளை விட்டுப் பார்த்தார்கள். ரொட்டி வண்டி தபால் வண்டியின் முதுகில் ஏறியது. உரிமையாளர்கள் இருவரும் எட்டு மாதம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. அன்றுமுதல் ஆண்டுதோறும் ஊராருக்காக நடத்தும் கண்காட்சிக்கு ஒரே வண்டி என்று முடிவாயிற்று.

அந்த ஒற்றை அரியணையை மூன்று ஆண்டுகளாக வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஆண்டுவந்தவர் யார்? பல் கட்டுபவனின் மனைவிக்கு மூத்த அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், எள்ளினும் சிறிய திருகாணியை மூச்சடக்கித் திருகும் வல்லவர், முதலாண்டு ஆம்புலன்ஸ், மறு ஆண்டு கிரேன், அதற்கடுத்த ஆண்டு வயிறு சுழலும் சிமெண்டு லாரி என்று தொடர்ந்து கொடி நாட்டியவர். மச்சான் என்ற உறவுமுறை எதிரி என்ற பதவியோடு எவ்வளவு இலகுவாகப் பொருந்தும் என்பதை உறவு வைத்திருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

போரின் வித்து விழுந்தது முந்தைய ஆண்டு. குடும்பத்தாரை அழைத்து நகரைக் காட்டும் நாளில், எல்லோரும் வீடுகளையும் நாயையும் புகழ்ந்துகொண்டிருக்க, பல் கட்டுபவனின் மனைவி மட்டும் இடுப்பில் கை வைத்து நகரம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இந்த ஊர்ல குப்பையை யாரு அள்ளுறா?”

அவள் கேட்டதில் வியப்பில்லை. பதினான்கு ஆண்டுகளாக நிஜ ஊரின் குப்பை லாரியை ஓட்டுகிறவள் அவள். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இரும்புக்கை நீட்டித் தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்து, ஊர் கண்விழிக்கும் முன் ஊரைத் துடைத்து வைப்பவள். ஆனால் அண்ணன் சிரித்தார்.

“குப்பை வண்டியை யாரும்மா காசு குடுத்துப் பார்க்க வருவாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் பல் கட்டுபவனுக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ வாய்களைத் திறந்து பார்த்தவன் அவன்; எந்தச் சிரிப்பில் வலி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? அக்கணமே அவன் மனத்துக்குள் சூளுரைத்தான். பரிசு வேண்டாம், பட்டம் வேண்டாம். இவள் ஓட்டும் வண்டி அடுத்த கண்காட்சியில் அந்த கேட் அருகே நிற்க வேண்டும். நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவே.

ஏழு மாதங்கள் நடந்தது தவம். சுண்டுவிரலைவிடச் சற்றே நீண்ட அந்த லாரிக்குள், செல்போனை அதிரவைக்கும் மோட்டார் இதயமாகக் குடியேறியது. கைக்கடிகார பேட்டரிகள் அதன் கல்லீரலும் மண்ணீரலுமாயின. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூல், மிளகில் பாதியளவுள்ள கப்பியின் மேல் ஓடி, இரும்புக்கையைத் தூக்கும் வடமாயிற்று. பொய் ஈறு செய்யும் பிசினில் குப்பைத்தொட்டிகள் வார்க்கப்பட்டு, ஈறு நிறத்திலேயே பிறந்து, பின்பு பச்சை பூசிக்கொண்டன. இருமல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தான். தும்மல் ஒன்றில் ஒருமுறை முழு ஓட்டுநர் அறையும் பறந்து, மூன்று நாள் கழித்துச் செருப்புக்குள் கிடைத்தது.

முடித்த அன்று, மனைவியின் முன் அதை வைத்தான். அவள் உருப்பெருக்கியை வாங்கிக் குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, நேத்துதான் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கே.”

“அழுக்கு பூசணுமா?”

“பூசினா மட்டும் போதாது. எங்க பூசறோம்னு இருக்குல்ல? கை தூக்குற பக்கந்தான் ஒழுகி ஒழுகிக் கறுத்திருக்கும். டிரைவர் கதவுல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது, அதை நான் தினமும் தொடைக்கிறேன். அப்புறம் இடது பக்கக் கண்ணாடியை உள்ள மடக்குங்க. மார்க்கெட் சந்துல நிமிர்த்தி வெச்சா சுவத்துல உரசும்.”

அவன் கண்ணாடியை மடக்கினான். கரித்தூளும் செங்கல் பொடியும் குழைத்து, அவள் விரல் காட்டிய இடங்களில் மட்டும் ஒற்றை மயிர்த் தூரிகையால் பதினான்கு ஆண்டு அழுக்கை ஏற்றினான். துடைத்த கதவு மட்டும் பளிச்சென்று நின்றது. அவள் மறுபடி பார்த்தாள். உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். பிறகு, “என் வண்டிதான்” என்றாள். அந்த இரண்டு சொல்லுக்காக இன்னும் ஏழு மாதம் தும்மலை அடக்கியிருப்பான் அவன்.

வந்தது தேர்வு நாள். முரசு அறையவில்லை, கூரையில் ஒரு மின்விசிறி மட்டும் கடகடத்தது. பத்தொன்பது பேரும் நகரைச் சூழ்ந்து நின்றார்கள். வேலை முடித்த கையோடு, ஒளிரும் பட்டை தைத்த சட்டையைக்கூடக் கழற்றாமல், மனைவியும் வந்து கதவோரம் நின்றாள்.

முதலில் களம் புகுந்தது மச்சானின் தீயணைப்பு வண்டி. குருதியினும் சிவந்த மேனி. கண்ணைப் பறிக்கும் இரண்டு சுழல்விளக்குகள். ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிய மூன்றடுக்கு ஏணி. கேட் அருகே வந்து நின்றது. ஏணி எழுந்தது, வளர்ந்தது, திரும்பியது, அடங்கியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே. கைதட்டல் கூரையைத் தொட்டது. மச்சான் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் வெற்றி பெறும்போதெல்லாம் செய்வது அது.

பின்பு, எழில் ஏதுமற்று, ஒரு பக்கம் கறுத்து, ஒரு கண்ணாடி மடங்கி, உறுமிக்கொண்டு வந்தது குப்பை லாரி. கேட் மூடியிருந்தது, நின்றது. ரயில் போனது, கேட் திறந்தது, நகர்ந்தது. தெருவோரத் தொட்டியின் அருகில், ஒரு மயிரிழை தவறாமல், நின்றது. இரும்புக்கை நீண்டது. தொட்டியைப் பற்றியது. தூக்கியது. தலைகீழாகக் கவிழ்த்தது. இரண்டு உதறு உதறியது. மெல்ல இறக்கி வைத்தது. அந்த இரண்டு உதறலைக் கண்டு கூடம் ‘அட’ என்றது.

இரண்டாம் முறையும் வென்றது. மூன்றாம் முறை, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அறிந்த விதி, ஏழு மாத உழைப்பின் மேல் தன் காலை வைத்தது. நீண்ட கை, பற்றிய தொட்டியைத் தூக்கிய தூக்கில், பாதி வழியில், அந்தரத்தில், நின்றது.

காரணத்தை நாம் அறிவோம், ஏனெனில் நாம் எல்லாம் அறிவோம். நிஜத்துக்காகப் பூசிய அழுக்கில் ஒரு துகள், ஒரே ஒரு செங்கற்பொடித் துகள், உதறலில் உதிர்ந்து கப்பிக்குள் புகுந்திருந்தது. எந்த அழுக்கு அவ்வண்டியை நிஜமாக்கியதோ அந்த அழுக்கே அதை நிறுத்தியது. மோட்டார் முனகியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்.

“முப்பது எண்ணுறதுக்குள்ள அசையலைன்னா போச்சு. ஒண்ணு... ரெண்டு...”

ஓடிப்போய்த் தொட முடியுமா? தொட்டால் சட்டம். ஊத முடியுமா? ஊதினால் ஒரு துகள் ஒன்பதாகும். பல் கட்டுபவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் நகங்களைத் தன் உள்ளங்கையிலேயே பதித்து நின்றான். பதினெட்டு ஆயிற்று. பத்தொன்பது ஆயிற்று. அவனுக்குத் தோற்பதில் வருத்தமில்லை. கதவோரம் நிற்பவள் மறுபடியும் எல்லோருடனும் சேர்ந்து சிரித்துவிடுவாளோ என்றுதான் அச்சம். திரும்பிப் பார்க்கவே துணியவில்லை.

ஆனால் அவள் கதவோரத்தில் இல்லை. கை பாதியில் நின்ற லாரியைக் கண்டதும், கூடத்தையும் சட்டத்தையும் பத்தொன்பது பேரையும் மறந்து, பதினான்கு ஆண்டுப் பழக்கம் அவள் கால்களை நடத்தி வந்திருந்தது. அவள் கை உயர்ந்தது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால், மேசையின் ஓரத்தில், ‘தொம்’ என்று ஒன்று வைத்தாள். ஒரு மூச்சு விட்டாள். ‘தொம்’ என்று இன்னொன்று.

முதல் அடியில் ரயில் நிலையக் கடிகாரம் சாய்ந்தது. இரண்டாம் அடியில் பூங்காக் காளை, ஒன்பதாண்டு மௌனத்தை முடித்துவைப்பவன்போல் பெஞ்சிலிருந்து காதலியின் மடியில் கவிழ்ந்தான். விரைவு ரயிலின் ஆறாம் பெட்டி தடம் புரண்டது. அப்பேரழிவின் நடுவே, இரும்புக்கை ஒரு குலுங்கு குலுங்கி, மேலே போய், கவிழ்த்து, இரண்டு உதறு உதறி, தொட்டியை மெல்லக் கீழே வைத்தது.

பின்பு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“செல்லாது! அடிச்சாச்சு! கை பட்டாச்சு!” என்று முழங்கினார் மச்சான்.

“வண்டியிலயா பட்டுச்சு? மேசையிலதானே?” என்றான் பல் கட்டுபவன். ஏழு மாதத்தில் அவன் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அது.

“அண்ணே, நிஜ வண்டிக்கும் இப்படித்தான் தினமும் ரெண்டு போடறேன்” என்றாள் அவள், வெட்கத்தோடு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. “கை தானா வந்துடுச்சு.”

“அதுக்காக? ஒரு பொம்மை வண்டிக்குப் போய்...”

அவர் நாவிலிருந்து அச்சொல் புறப்பட்டதும் கூடம் உறைந்தது. மின்விசிறிகூட ஒரு கடகடப்பை விழுங்கியது. மாவீரர்கள் அம்பால் வீழ்வதுண்டு, வஞ்சகத்தால் வீழ்வதுண்டு. தன் வாயால் வீழ்ந்தவர் அன்று கண்ணாடிக்கடைக்காரர். தலைவர் மூலையில் இருந்த டம்ளர்களை நோக்கி விரல் நீட்டினார். அந்த விரல் முன்னொரு காலத்தில் பெரும் ரயில்களை நிறுத்திய விரல். மச்சான் தலை குனிந்தார்.

பின்பு தலைவர் தீர்ப்புரைத்தார். “என் கேபின்ல நாலாம் நம்பர் லீவரை ஒரு உதை விட்டாத்தான் இறங்கும். நாற்பது வருஷம் உதைச்சேன். அதனால சிக்னல் பொய்யாயிடுமா? அடி செல்லும்.” அதோடு நிற்காமல், மச்சானை நோக்கித் திரும்பினார். “உங்க வண்டி ஏணியை எதுக்குத் தூக்குது?”

“தீயணைக்கத்தான், தலைவரே.”

“தீ எங்க?”

மச்சான் நகரைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் எரியாமல் நின்றன.

“பஞ்சும் சிவப்பு பல்பும் வெச்சு அந்த மூலை வீட்டை எரிய வெச்சிடறேன்.”

“நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வண்டி வரும். ரெண்டு நாள் கண்காட்சி. இருநூத்தி நாப்பது தடவை ஒரே வீடு எரிஞ்சா, அதுல எவன் குடியிருப்பான்?”

அப்போது, யாரும் கேளாமலே, பல் கட்டுபவனின் மனைவி சொன்னாள்:

“குப்பைதாங்க ஐயா தினமும் சேரும்.”

தலைவர் தலையசைத்தார். அத்தோடு மூன்றாண்டு ஆட்சி முடிந்தது. ஆனால் வெற்றியின் வாலில் ஒரு நிபந்தனை தொங்கியது. கப்பியை முழுக்கத் துடைத்தால் வண்டியின் அழுக்கு போகும், அழுக்கு போனால் நிஜம் போகும். துடைக்காவிட்டால் கை அவ்வப்போது நிற்கும். ஆகவே, நிற்கும்போதெல்லாம் அடிக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார் தலைவர். வண்டியை மறுபடி ஓடவிட்டார்கள், கை மறுபடி நின்றது. பல் கட்டுபவன் அடித்துப் பார்த்தான். நாய் விழுந்தது, கை அசையவில்லை. தலைவர் அடித்தார், இரண்டு மாடிகளில் துணி விழுந்தது. பத்தொன்பது பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு அடித்தார்கள். நகரில் நிற்கக்கூடியது எதுவும் நிற்கவில்லை. இரும்புக்கை மட்டும் நின்றது நின்றபடி நின்றது. அவள் வந்து ஒன்று வைத்து, ஒரு மூச்சு விட்டு, இன்னொன்று வைத்தாள். இறங்கியது.

“சனிக்கிழமை லீவு போடணும்” என்றாள் அவள். சலித்துக்கொள்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. பல் கட்டுபவன் அதைப் பார்த்தான்.

இவ்வாறாக விடிந்தது கண்காட்சியின் திருநாள். பதினேழு படிகளும் காலடிகளால் தேய, பெற்றோரும் பிள்ளைகளும் தோளில் ஏறிய மழலைகளுமாக மக்கள் வெள்ளம் கூடத்துள் புக, நிமிர்த்தப்பட்ட நகரம் நூறு விளக்கேற்றி நிற்க, ரயில்வே கேட்டின் அருகே, ஒரு பக்கம் கறுத்து, கதவு மட்டும் பளிச்சிட, குப்பை லாரி தன் வேலையைத் தொடங்கியது. அதன் அருகே, வெளுத்துத் தேய்த்த ஒளிரும் சட்டையோடு, தலை படிய வாரி, தன் நிஜ வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோலவே நின்றாள் அதன் தலைவி. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? தோற்ற மச்சான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே, கடையிலிருந்து ஒரு முக்காலி தூக்கிவந்து, “உக்காந்து அடி, கால் வலிக்கும்” என்று அவள் பின்னால் போட்டார். அவள் உட்காரவில்லை. எதிர்ப்புறத்தில் பல் கட்டுபவன், யாராவது அவளிடம் ஏதாவது கேட்பார்கள், அந்த மடங்கிய கண்ணாடியைப் பற்றியாவது ஒருவர் கேட்பார், அவள் மார்க்கெட் சந்தைப் பற்றிச் சொல்வாள் என்று, கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டு நின்றான். இரண்டு பகல்கள், இருநூற்று நாற்பது முறை, கை நீண்டது, பற்றியது, தூக்கியது, கவிழ்த்தது, உதறியது. எண்பத்தோரு முறை நின்றது. எண்பத்தோரு முறையும் அந்த உள்ளங்கை தவறாமல் எழுந்து, தவறாமல் இறங்கி, ஒரு மூச்சு விட்டு, இன்னொருமுறை இறங்கி, ஒரு தொட்டிகூடத் தெருவில் நிறைந்து வழியாமல் அந்தப் பெருநகரைக் காத்தது.

வந்தவர்கள் எல்லோரும் ரயிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.